யந்திரத்தின் நாடி

வீட்டிலே ஒருவருக்குக் காய்ச்சல் கண்டால் நாம் செய்வது என்ன? நெற்றியைத் தொட்டுப் பார்க்கிறோம். நாக்கை நீட்டச் சொல்லுகிறோம். நேற்றிரவு என்ன சாப்பிட்டார் என்று விசாரிக்கிறோம். ஒரு மிளகுக் கஷாயம் வைத்துக் கொடுத்து, அதற்கும் இறங்காவிட்டால்தான் டாக்டர் வீட்டுக்கு ஆள் அனுப்புகிறோம். ஆனால் யந்திரம் ஒன்றுக்கு உடம்பு சரியில்லாமற் போனால் நடப்பதே வேறு. முதலில் வீட்டு எஜமானர் அதை ஒரு தட்டுத் தட்டுகிறார். பிறகு பிள்ளையாண்டான் வந்து அதைவிடப் பலமாக ஒரு தட்டுத் தட்டுகிறான். கடைசியில் எல்லோருமாகக் கூடி, "இந்தக் காலத்துச் சாமானே இப்படித்தான்!" என்று தீர்ப்புக் கூறிவிடுகிறார்கள். நாடி பார்த்தவர் ஒருவருமில்லை. மரணச் சான்றிதழ் மாத்திரம் தயார்!

இந்த வாரம் நாம் நேயர்களுடன் பேச எடுத்துக்கொண்ட விஷயம் புல் வெட்டும் யந்திரம். "எங்கள் வீட்டில் துளசி மாடத்துக்கே இடத்தைக் காணோம், புல்தரைக்கு எங்கே போவது?" என்று கேட்கும் பட்டணத்து நேயர்கள் பக்கத்தைப் புரட்டிவிட வேண்டாம். எஞ்சின் என்று பெயர் படைத்தவைகளுக்குள் பரம சாதுவானது இதுதான். ஒரே ஒரு சிலிண்டர். ஒரே ஒரு பிளக். உள்ளங்கையில் அடங்கும் ஒரு காபரேட்டர். இதனிடம் பாடம் கற்றுக்கொண்டவருக்குத் தோட்டத்துப் பம்பும், கல்யாணப் பந்தலில் வைக்கும் ஜெனரேட்டரும் அந்நியமாகத் தோன்றமாட்டா. அரிச்சுவடி படித்தவனுக்குப் பெயர்ப் பலகை புரிகிற மாதிரி.

இந்த யந்திரத்தின் பூர்வோத்தரம் ருசிகரமானது. இங்கிலாந்தில் குளூஸ்டர்ஷயர் ஜில்லாவில் ஸ்ட்ரௌட் என்ற ஊர் கம்பளி நெசவுக்குப் பெயர்போனது. நெய்த கம்பளியின் மேல் சிலிர்த்து நிற்கும் ரோமத்தை ஒரே சமமாகக் கத்தரிக்க அங்குள்ள ஆலைகளில் உருளைக் கத்தி யந்திரங்கள் இருந்தன. எட்வின் பட்டிங் என்ற தொழிலாளி அதைப் பார்த்தார். 'கம்பளிக்குச் செய்வதைப் புல்தரைக்கு ஏன் செய்யக்கூடாது?' என்று யோசித்தார். 1830-ஆம் வருஷம் ஆகஸ்டு 31-ஆம் தேதி அவருக்குப் பதிவுரிமை கிடைத்தது. 1832-இல் இப்ஸ்விச் நகரத்து ரான்ஸம் கம்பெனியார் அனுமதி பெற்று அந்த யந்திரத்தைச் செய்ய முற்பட்டார்கள். அதுவரையில், பனி ஈரம் உலராத விடியற்காலையில் ஆட்கள் வரிசையாக நின்று நீண்ட அரிவாளை வீசிப் புல்லை அறுத்து வந்தார்கள்.

பட்டிங்கைப் பற்றி நமக்கு விசேஷமாகப் பிடித்த சங்கதிகள் இரண்டு உண்டு. கிராமத்துக் கனவான்கள் இந்த யந்திரத்தைத் தாமே தள்ளினால், அது பொழுதுபோக்காகவும் தேகப் பயிற்சியாகவும் இருக்கும் என்று அவர் எழுதினார். தம் கையால் ஒரு துரும்பையும் நகர்த்தாதவர்களைப் பார்த்து அவ்விதம் சொல்லுவதற்குத் துணிச்சல் வேண்டும். இரண்டாவதாக, வாய் அகலத்தைத் திருகாணியால் கூட்டிக் குறைக்கும் ஸ்பானரைச் செய்தவர்களில் அவரும் ஒருவர் என்று சொல்லுகிறார்கள். அப்படியானால் யந்திரத்தைக் கொடுத்தவரே அதைத் திறக்கும் கருவியையும் கொடுத்திருக்கிறார். பிற்காலத்துக் கம்பெனிக்காரர்களில் எத்தனை பேருக்கு இந்தத் தர்ம சிந்தை இருந்தது என்பதைப் பின்னால் பார்ப்போம்.

பட்டிங் செய்த வகை யந்திரம், கையால் தள்ளும் உருளைக் கத்தி யந்திரமாக, இன்றும் சில பள்ளிக்கூடங்களிலும் பழைய பங்களாக்களிலும் இருக்கிறது. அதற்கு வரும் வியாதி பெரும்பாலும் ஒன்றே: வெட்டுவதற்குப் பதில் புல்லைக் கடித்துத் துப்பும். சுழலும் கத்திகளும் கீழே அசையாமல் இருக்கும் அடிக்கத்தியும் கத்தரிக்கோலின் இரண்டு அலகுகளைப் போன்றவை. அலகுகளுக்கு இடையே சந்து விழுந்தாலும் முனை மழுங்கினாலும் வேலை நடக்காது. பரீக்ஷை செய்வது சுலபம். மெல்லிய காகிதத் துண்டை இரண்டுக்கும் நடுவே நீட்டி, விரலை எட்ட வைத்துக்கொண்டு உருளையை மெதுவாகச் சுற்றுங்கள். ஒரு கோடியிலிருந்து மறு கோடி வரையில் காகிதம் சுத்தமாக நறுக்குப்பட வேண்டும். மடங்கினால், அடிக்கத்தியின் திருகாணிகளைச் சிறிது சிறிதாக முடுக்கி இலேசாகத் தொடும்படி நெருக்கவேண்டும். அதற்கும் சரிப்படாவிட்டால், மோட்டார் சாமான் கடையில் வால்வு அரைக்க விற்கும் பசையைக் கத்திகளில் தடவி, உருளையைப் பின்புறமாகச் சுழற்றினால் கத்திகள் தம்மைத் தாமே தீட்டிக்கொள்ளும். பிறகு பசையைத் துளிகூட மிச்சமில்லாமல் துடைத்துவிட வேண்டும்.

நிற்க. பெட்ரோல் எஞ்சின் வைத்த யந்திரத்துக்கு வருவோம். இதில் கத்தி மின்விசிறியின் இறக்கையைப் போல் படுக்கையாகச் சுழலுகிறது; நிமிஷத்துக்குச் சுமார் 3,000 சுற்று. ஆகையால் வைத்தியத்துக்கு முன் ஒரு விரதம் உண்டு. பிளக்கின் தலையில் மாட்டியிருக்கும் வயரைக் கழற்றி ஒதுக்கி வைக்காமல், கத்தியின் பக்கம் கை போகவே கூடாது. எஞ்சின் நின்றுதானே இருக்கிறது என்று நினைத்துக் கத்தியைக் கையால் திருப்பினால், அந்தத் திருப்பமே எஞ்சினைக் கிளப்பிவிடக் கூடும். விரல் போனபின் வைத்தியம் இல்லை. குழந்தைகளுக்கு முதலில் கற்பிக்க வேண்டியதும் இதுவேதான்.

இனி நாடி. நம் நாட்டு வைத்தியர்கள் வாதம், பித்தம், சிலேத்துமம் என்று மூன்று பிரித்தார்கள். இந்த எஞ்சினின் தேகமும் மூன்றினால் ஆனதுதான்: காற்று வேண்டும், நெருப்புப் பொறி வேண்டும், பெட்ரோல் வேண்டும். காற்றை வாதம் என்றும், பொறியைப் பித்தம் என்றும், பெட்ரோலைச் சிலேத்துமம் என்றும் வைத்துக்கொண்டால் ஞாபகத்துக்கு எளிது. மூன்றும் உரிய அளவில் உரிய நேரத்தில் கூடினால் எஞ்சின் ஓடியே தீரும். ஓடவில்லையென்றால் மூன்றில் ஒன்று கெட்டிருக்கிறது, அல்லது நேரம் தவறியிருக்கிறது என்றே பொருள். வள்ளுவர் மருந்து அதிகாரத்தில் வைத்தியனுக்கு வகுத்த முறையும் இதுதானே? முதலில் நோய் எது என்று பார். பிறகு அது எதனால் வந்தது என்று பார். அதன் பிறகு அதைத் தணிக்கும் வழியைப் பார் என்கிறார். நாமோ மூன்றாவதில் ஆரம்பித்து முதலாவதை மறந்துவிடுகிறோம்.

கேள்விகளை வரிசையாகக் கேட்க வேண்டும். டாங்கியில் பெட்ரோல் இருக்கிறதா? பெட்ரோல் குழாயின் அடைப்பான் திறந்திருக்கிறதா? இவற்றைக் கேட்க வெட்கப்பட வேண்டியதில்லை. அடுத்தது கைப்பிடியோடு சேர்த்து அழுத்திப் பிடிக்கும் கம்பி. கையை எடுத்த 3 விநாடிக்குள் கத்தி நின்றுவிட வேண்டும் என்று அமெரிக்காவில் 1982-ஆம் வருஷம் சட்டம் வந்தது. அதற்காக ஏற்பட்ட வகையில், அந்தக் கம்பியிலிருந்து எஞ்சினுக்கு ஒரு கேபிள் போகிறது. கேபிள் தளர்ந்துவிட்டால் எஞ்சினின் பிரேக் விடுபடாமலும் பொறி வராமலும் போகும். எத்தனை முறை கயிற்றை இழுத்தாலும், பூட்டிய வீட்டின் கதவைத் தட்டியது போலத்தான்.

இவை சரியாக இருந்தால், நாலைந்து முறை கயிற்றை இழுத்துவிட்டு, பிளக்கைக் கழற்றி அதன் முனையைப் பாருங்கள். நாம் நாடி என்று சொன்னது இதைத்தான். முனை ஈரமாக, பெட்ரோல் வாசனையோடு இருந்தால், பெட்ரோல் வந்து சேருகிறது. பொறியைச் சந்தேகிக்க வேண்டும். முனை வறண்டிருந்தால், பொறியின்மேல் பழி போடாதீர்கள். பெட்ரோல் வழியில் எங்கேயோ நின்றுவிட்டது. கன்னங்கரேலென்று கரி படிந்திருந்தால், பெட்ரோல் அதிகம், காற்றுக் குறைவு. வடிகட்டியைக் கவனிக்க வேண்டும். கரியைத் துடைத்து, முனையின் இடைவெளி சுமார் முக்கால் மில்லிமீட்டர் இருக்கிறதா என்று பார்த்து மாட்டலாம். சரியான அளவு எது என்பது யந்திரத்தோடு வந்த புஸ்தகத்தில் இருக்கும். சந்தேகம் தீராவிட்டால் புதிய பிளக் ஒன்றை மாட்டிப் பார்ப்பதே உத்தமம். பொறி வருகிறதா என்று பார்ப்பதற்காகப் பெட்ரோல் ஆவி பரவியிருக்கும் இடத்தில் பிளக்கை வெளியே பிடித்துக்கொண்டு கயிற்றை இழுப்பது, வைக்கோற்போரில் உட்கார்ந்து சுருட்டுப் பற்றவைப்பதற்குச் சமானம்.

காற்று வடிகட்டி பஞ்சு போன்ற நுரையால் ஆனதென்றால், சோப்புத் தண்ணீரில் அலசி, நன்றாக உலர்த்தி, சில துளி எண்ணெய் தடவிப் பிழிந்து மாட்டவேண்டும். காகித வடிகட்டியைத் தண்ணீரில் போடக்கூடாது. தட்டித் தூசியை உதிர்க்கலாம், அழுக்கேறிவிட்டால் மாற்றிவிடலாம்.

இதெல்லாம் பணக்கார வீட்டு விளையாட்டு என்று எண்ணுகிறவர்களுக்காக ஒரு சம்பவம் சொல்லுகிறோம். நாம் வேலை பார்ப்பது நீலகிரியில். மலையில் புல் வெட்டும் யந்திரம் சிலருக்கு அலங்காரம். சிலருக்கு அதுவே சோறு. நமது வகுப்பில் படிக்கும் ஒரு பெண்ணின் தகப்பனார், சொந்தமாக ஒரு யந்திரம் வைத்துக்கொண்டு பங்களா பங்களாவாகப் போய்ப் புல் வெட்டிக் கொடுத்துக் குடும்பம் நடத்துகிறார். பனிக் காலத்தில் புல் வளருவதில்லை. யந்திரம் மூலையில் தூங்கிற்று. சித்திரை மழை பெய்து புல் தலைதூக்கியபோது யந்திரம் எழுந்திருக்க மறுத்துவிட்டது. கடையில் காட்டினார். "எஞ்சின் போய்விட்டது; மாற்ற வேண்டும்" என்று சொல்லி, யந்திரத்தின் விலையில் முக்கால் பங்குக்கு ஒரு கணக்கு எழுதிக் கொடுத்தார்கள். அந்தச் சீட்டைப் பையில் வைத்துக்கொண்டு அவர் இரண்டு நாள் கூலி வேலைக்குப் போனார். மகள் நம்மிடம் வந்தாள்.

"எஞ்சின் போய்விட்டது என்றால், எங்கே போயிற்று, ஸார்?" என்று கேட்டாள். இதைவிட நல்ல கேள்வியை நாம் வகுப்பறையில் கேட்டதில்லை.

ஞாயிற்றுக்கிழமை அவர்கள் வீட்டு வாசலில் மூவருமாக உட்கார்ந்தோம். பிளக் வயரைக் கழற்றியவள் அவள்தான். பிளக்கின் முனை எலும்பைப்போல் வறண்டிருந்தது. "அப்படியென்றால் பெட்ரோல் வரவில்லை" என்றாள். டாங்கி மூடியைத் திறந்து முகர்ந்து பார்த்தாள். "இது பெட்ரோல் வாசனையே இல்லையே, ஸார்! மர பீரோவுக்கு அடிக்கிற வார்னிஷ் மாதிரியல்லவா இருக்கிறது?"

சரியாகத்தான் சொன்னாள். பெட்ரோல் மண்ணெண்ணெயைப் போல் ஆயுசு கெட்டியான வஸ்து அல்ல. ஒரு மாதம் தாண்டினாலே அதன் லகுவான பகுதிகள் ஆவியாகிப் போக ஆரம்பிக்கும். மிஞ்சியது காற்றோடு சேர்ந்து பிசினாகும். நம் நாட்டில் இப்பொழுது விற்கும் பெட்ரோலில் எத்தனால் கலந்திருப்பதால் அது காற்றிலுள்ள ஈரத்தையும் இழுத்துக்கொள்ளுகிறது. நாலு மாதம் தேங்கிக் கிடந்தால் கேட்கவேண்டுமா? காபரேட்டரின் அடியில் கிண்ணம் போல் ஒன்று இருக்கும். பழைய பெட்ரோலை வடித்துவிட்டு அந்தக் கிண்ணத்தைக் கழற்றினோம். அடியில் பழுப்பு நிறத்தில் வெல்லப்பாகு காய்ந்தது போன்ற வண்டல். பெட்ரோல் ஏறிப் போகவேண்டிய துவாரம் அடியோடு அடைத்திருந்தது. இங்கே இரும்பு ஊசியைக் குத்தக்கூடாது. துவாரம் பெரிதாகிவிட்டால் அளவு கெட்டுவிடும். மின்சார வயரிலிருந்து பிரித்தெடுத்த மெல்லிய செம்பு இழை ஒன்றே போதுமாயிருந்தது. புதிய பெட்ரோல் ஊற்றி, தகப்பனார் கயிற்றை இழுத்தார். மூன்றாவது இழுப்பில் எஞ்சின் இருமியது. நாலாவதில் பேசத் தொடங்கியது.

அவர் ஒன்றும் பேசவில்லை. சட்டைப் பையிலிருந்த சீட்டை எடுத்து ஒரு தரம் பார்த்துவிட்டு மகளிடம் கொடுத்தார். அவள் அதன் பின்புறத்தில், 'மார்கழியில் பெட்ரோலை வடித்துவிடவும்' என்று எழுதிச் சுவரில் ஒட்டினாள்.

இதிலிருந்து, மெக்கானிக்குகள் எல்லோரும் வஞ்சகர்கள் என்று யாராவது முடிவு கட்டினால் நமக்கு வருத்தமாயிருக்கும். நல்ல மெக்கானிக் ஊருக்கு ஒரு சொத்து. அவரிடம் போகவேண்டிய வியாதிகளும் உண்டு. உதாரணமாக, கத்தி கல்லிலோ வேரிலோ மோதி யந்திரம் நின்றுவிட்டது. பிறகு கயிற்றை இழுத்தால் கையைப் பிடுங்குவது போல் வெடுக்கென்று பின்னுக்கு இழுக்கிறது. பிளைவீலையும் அதன் அச்சையும் பிணைக்கும் விரல் நக அளவான உலோகத் துண்டு ஒன்று உண்டு. அதை 'கீ' என்பார்கள். மோதலில் அது நறுக்குண்டு போயிருக்கலாம். பொறி வருகிறது, ஆனால் வரவேண்டிய நேரத்தில் வரவில்லை. பெரிய சேதம் நேராமல் தடுக்கச் சில சமயம் இந்தச் சின்னத் துண்டு தன் உயிரைக் கொடுக்கிறது. அதன் விலை சொற்பம்; ஆனால் பிளைவீலைக் கழற்றத் தனிக் கருவி வேண்டும். கருவி இல்லாதவர் சுத்தியலை எடுக்காமல் மெக்கானிக்கிடம் போவதே விவேகம். ஆனால், "ஓடமாட்டேன் என்கிறது" என்று சொல்லிக்கொண்டு போகாமல், "கல்லில் மோதியது, கயிறு பின்னுக்கு அடிக்கிறது, கீயைப் பாருங்கள்" என்று சொல்லிக்கொண்டு போகவேண்டும். விஷயம் தெரிந்தவரிடம் வேலை செய்ய நல்ல தொழிலாளிக்கு உற்சாகம் பிறக்கும். மற்றவனுக்குப் பயம் பிறக்கும். இரண்டும் நமக்கு லாபமே.

முன்னால் சொன்ன கம்பெனிக்காரர்கள் விஷயத்துக்கு வருவோம். இக்காலத்துச் சாமான்கள் பலவற்றில் சாதாரண ஸ்பானருக்கும் திருப்புளிக்கும் இடமில்லை. ஒட்டி மூடியிருக்கும், அல்லது விசித்திரமான தலையுள்ள திருகாணி போட்டிருக்கும், உதிரிப் பாகம் கேட்டால் புதுச் சாமானைக் காட்டுவார்கள். இது ஒரு தேசத்தின் பணத்தையும் புத்தியையும் சேர்த்து அரிக்கும் கரையான். 2022-ஆம் வருஷம் நமது மத்திய சர்க்காரின் நுகர்வோர் விவகார இலாகா, சாமான் வாங்கியவருக்கு அதைப் பழுதுபார்த்துக்கொள்ளும் உரிமை வேண்டும் என்ற விஷயத்தை ஆராய ஒரு கமிட்டி அமைத்தது. விவசாயக் கருவிகள், மொபைல் டெலிபோன்கள், வீட்டுச் சாமான்கள், மோட்டார் வாகனங்கள் ஆகியவை முதலில் எடுத்துக்கொள்ளப்பட்டன. புல் வெட்டும் யந்திரங்களிலும் மாறுதல் வந்துகொண்டிருக்கிறது. அமெரிக்காவில் கலிபோர்னியா ராஜ்யம் 2024-ஆம் வருஷ மாடல் முதல் இவ்வகைச் சிறிய எஞ்சின்கள் புகை விடலாகாது என்று விதித்ததனால், பாட்டரி யந்திரங்கள் பெருகுகின்றன. புகை குறைவது நன்மையே. ஆனால் பாட்டரிப் பெட்டியை வீட்டில் திறக்கக்கூடாது; அது அபாயம். ஆகவே அதைப் பழுதுபார்க்க வல்லவர்களும், உதிரிப் பாகம் தர மனமுள்ள கம்பெனிகளும் இருந்தாக வேண்டும். உரிமை சர்க்காரிடமிருந்து வரலாம். திறந்து பார்க்கும் துணிவு வீட்டிலிருந்துதான் வரவேண்டும்.

அந்தத் துணிவு நமக்குப் புதிதல்ல. கோயம்புத்தூர் ஜி. டி. நாயுடு அவர்கள் (1893-1974) பள்ளிக்கூடத்தில் அதிகம் படித்தவரல்லர். வாலிபத்தில் ஓர் ஆங்கிலேய அதிகாரியின் மோட்டார் சைக்கிளைக் கண்டு அதிசயித்தார். பாடுபட்டுப் பணம் சேர்த்து அதையே வாங்கினார். வாங்கியதும் ஏறி ஊரைச் சுற்றாமல், அக்கக்காகப் பிரித்து மறுபடியும் பூட்டினார். பின்னால் அவர் நடத்திய பஸ்களுக்கும், செய்த யந்திரங்களுக்கும் அந்தப் பிரித்துப் பூட்டிய நாட்களே கலாசாலை. நம் பிள்ளைகள் எல்லோரும் நாயுடு ஆகவேண்டும் என்பதில்லை. ஆனால் தான் உபயோகிக்கும் பொருளுக்கு முன்னால் கை கட்டி நிற்கும் பழக்கம் ஒருவனுக்கு வந்துவிட்டால், அது யந்திரத்தோடு நிற்காது. எழுதிக் கொடுத்த கணக்கை அப்படியே ஒப்புக்கொள்வான்; சொன்ன காரணத்தை அப்படியே நம்புவான். 'எங்கே போயிற்று?' என்று கேட்கத் தெரிந்தவனை அவ்வளவு எளிதில் ஏமாற்ற முடியாது.

கடைசியாகச் சில வீட்டுக் குறிப்புகள். யந்திரத்தைச் சாய்க்க நேர்ந்தால், பெட்ரோலை வடித்துவிட்டு, காபரேட்டரும் காற்று வடிகட்டியும் மேல்பக்கம் இருக்கும்படி சாய்க்கவும். இல்லாவிட்டால் எண்ணெய் அவற்றில் இறங்கிவிடும். கத்தியைத் தீட்டும்போது இரண்டு பக்கமும் சமமாகத் தீட்டி, நடுத் துவாரத்தை ஓர் ஆணியில் மாட்டிப் பார்க்கவும். ஒரு பக்கம் தாழ்ந்தால் அந்தப் பக்கம் இன்னும் கொஞ்சம் அராவவேண்டும். கழற்றிய திருகாணிகளைக் கழற்றிய வரிசையிலேயே வைக்க, பழைய ஐந்தறைப் பெட்டியைப்போல் உபகாரமானது வேறில்லை. வீட்டு அம்மாளிடம் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். கேட்காமல் எடுத்தால் அதற்கு நாம் பொறுப்பல்ல. பிரிக்கும்போது பக்கத்தில் ஒரு குழந்தையை உட்கார வைத்து, ஒவ்வொரு பாகத்தின் பெயரையும் வேலையையும் சொல்லிக்கொண்டே பிரியுங்கள். மறுபடி பூட்டும்போது, அடுத்தது எது என்று அந்தக் குழந்தை சொல்லட்டும்.